சுற்றளவு சொல்வதும் சொல்லாததும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களுட் பல தொன்றுதொட்டு உழவைச் சார்ந்து வாழ்ந்து வருபவை. நிலத்தை அளந்து வாங்குதல், அளந்து விற்றல், அளந்து பங்கிடுதல் ஆகிய மூன்றும் அக்குடும்பங்களில் தலைமுறைதோறும் நிகழ்வன. அளத்தலின் முதற்பாடமோ பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. சதுரத்தின் சுற்றளவு தெரிந்தால், அதனை நான்கால் வகுக்கப் பக்கத்தின் நீளம் கிடைக்கும். ஒரு வரியில் முடிந்துவிடும் இக்கணக்கில் பெரிதாக என்ன இருக்கிறது என்று தோன்றக்கூடும். அவ்வொரு வரிக்குள் அடங்கியிருக்கும் கணிதமும், அதனை ஒட்டி நிற்கும் இல்லறத்தார் அறமுமே இவ்வுரையின் பொருள்.

முதலில் கணக்கை மண்ணில் வைத்துக் காண்போர்க்கு அது எளிதில் விளங்கும். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் நிலத்தைக் காணி, குழி எனக் கணக்கிடும் வழக்கு இன்றும் முதியோர் பேச்சில் வாழ்கிறது. கோல் ஒன்றுக்கு 24 அடி. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. நூறு குழி கொண்டது ஒரு காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 132 சென்ட். நாட்டின் பிற பகுதிகளில் கோலின் நீளமும் குழியின் அளவும் வேறுபட்டதுண்டு. இங்குக் கொள்ளப்படுவது 24 அடிக் கோலே.

சதுரமான வயல் ஒன்றைச் சுற்றி வரப்பின்மேல் கோல் பிடித்து அளந்ததில் 40 கோல் வந்தது என்க. நான்கால் வகுக்கப் பக்கம் 10 கோல். பத்தைப் பத்தால் பெருக்க 100 குழி. ஆகவே அவ்வயல் சரியாக ஒரு காணி. அடிக்கணக்கிலும் இதுவே வரும். சுற்றளவு 960 அடி. அதன் நான்கில் ஒரு பங்கு 240 அடி. 240-ஐ 240-ஆல் பெருக்க 57,600 சதுர அடி. ஒருவர் வயலுக்குள் இறங்காமலே, வரப்பைச் சுற்றி வந்த அளவைக் கொண்டு உள்ளிருக்கும் நிலம் முழுவதையும் சொல்லிவிட முடிகிறது. கணிதத்தின் ஆற்றலுக்கு இஃது ஒரு சிறு சான்று.

ஆயினும் இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். நாற்பது என்ற எண் தானே பத்தைத் தந்துவிடவில்லை. வயல் சதுரம் என்று முன்னரே தெரிந்திருந்ததே பத்தைத் தந்தது. நான்கு பக்கமும் சமம் என்பது தெரிந்ததனால்தான் நான்கால் வகுப்பது பொருந்திற்று. அந்த முன்னறிவு இல்லாவிடில், சுற்றளவிலிருந்து பக்கத்தை எவராலும் கூற இயலாது.

வேறு சில வயல்களைக் காண்க. நீளம் 12 கோல், அகலம் 8 கோல் உள்ள செவ்வக வயலுக்கும் சுற்றளவு 40 கோலே. ஆனால் அதன் பரப்பு 96 குழி. நீளம் 15, அகலம் 5 எனில் சுற்றளவு அதே 40. பரப்பு 75 குழி. நீளம் 18, அகலம் 2 எனில் அதே 40 கோல் வரப்புக்குள் இருப்பது 36 குழி மட்டுமே. வரப்பின் நீளம் மாறவில்லை. உள்ளிருக்கும் விளைநிலம் மூன்றில் ஒரு பங்களவிற்குச் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. 12-உம் 8-உம் பத்திலிருந்து இரண்டு விலகியவை. இரண்டின் வர்க்கம் நான்கு. நூற்றில் நான்கு குறைந்து 96. 15-உம் 5-உம் ஐந்து விலகியவை. ஐந்தின் வர்க்கம் 25. நூற்றில் அது குறைந்து 75. 18-உம் 2-உம் எட்டு விலகியவை; எட்டின் வர்க்கம் 64; எஞ்சியது 36. சமநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்விலகலின் வர்க்கமே இழப்பு. சிறிது விலகினால் இழப்பும் கண்ணுக்குப் படாத அளவே. மிக விலகினால் இழப்புப் பன்மடங்காகும்.

இதனை அறிந்தவர் அறியாதவரை ஏமாற்றவும் கூடும் என்பது பண்டைக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த புரோக்ளசு என்னும் அறிஞர், யூக்ளிடின் வடிவியல் நூலின் முதற்பகுதிக்கு உரை வகுத்தவர். நிலத்தைப் பங்கிடும்போது சுற்றளவு மிகுந்த நிலத்தைப் பிறர்க்குக் கொடுத்து, சுற்றளவு குறைந்த நிலத்தைத் தாம் ஏற்று, உண்மையில் மிகுதியான பரப்பைப் பெற்றுக்கொண்டதோடு நேர்மையாளர் என்ற பெயரையும் சேர்த்துப் பெற்றவர் இருந்தனர் என்று அவர் அவ்வுரையில் குறிப்பிடுகிறார்.

அந்த ஏமாற்று இவ்வட்டாரத்து வயலில் நிகழ்ந்தால் எவ்வாறிருக்கும்? அண்ணன், தம்பி இருவர். ஒரு வயல் 16 கோல் நீளமும் 5 கோல் அகலமும் உடையது. அதன் சுற்றளவு 42 கோல். மற்றொன்று 10 கோல் பக்கமுள்ள சதுரம். சுற்றளவு 40 கோல். "பெரியது உனக்கு இருக்கட்டும் தம்பி, சிறியது எனக்குப் போதும்" என்று அண்ணன் முன்னதைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறான். ஊரார் அவனைப் புகழ்கின்றனர். தம்பிக்குக் கிடைத்ததோ 80 குழி; அண்ணன் பெற்றது 100 குழி. வேறுபாடு 20 குழி, ஏறத்தாழ 26 சென்ட். அண்ணன் கணக்கறிந்து செய்திருந்தால் அது களவு. அறியாமல் செய்திருந்தால் களவன்று. ஆயினும் தம்பியின் இழப்பு இழப்பே.

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று என்பதைச் சமணர் அனைவரும் அறிவர். அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாகிய அதிசாரங்கள் ஐந்தைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. கள்வரைத் தூண்டுதலும் களவுப்பொருளை ஏற்றலும் அவற்றுள் அடங்கும் என்பதில் வியப்பில்லை. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது, குறைத்தும் மிகுத்தும் அளத்தல். படியும் எடைக்கல்லும் மட்டுமே அளவைகள் ஆகா. அளவுகோலும் அளவையே. ஆகவே நிலத்தைச் சரியாக அளக்கத் தெரிந்திருப்பது கணக்கர்க்கு மட்டும் உரிய திறன் எனக் கொள்ளாது, விரதத்தைக் காக்கும் துணை எனக் கொள்வதே இல்லறத்தார்க்குத் தகும்.

கணிதத்தை அறத்தோடும் ஆகமத்தோடும் சேர்த்துப் போற்றுவது சமண மரபுக்குப் புதிதன்று. உலகின் அமைப்பை விரித்துரைக்கும் லோகவிபாகம் என்னும் நூலின் மூலத்தைச் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் பாடலிகையில் இயற்றினார் என்ற செய்தி, பின்னர் அதனை வடமொழியில் தந்த சிம்மசூரியின் நூலில் காணப்படுகிறது. பாடலிகை என்பது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பர் ஆய்வாளர். விழுப்புரத்திலிருந்து அது தொலைவிலுள்ள ஊர் அன்று. எண்களை இடமதிப்பு முறையில், சுழியத்தோடு கூறும் காலம் தெளிந்த பழஞ்சான்றுகளுள் ஒன்றாக இந்நூலைக் கணித வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். கிரேக்கத்துப் புரோக்ளசு வாழ்ந்த அதே நூற்றாண்டில், இத்தென்பெண்ணைக் கரையை ஒட்டிய நாட்டில் சமண முனிவர் ஒருவர் மூவுலகின் அளவுகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மரபில் பெருங்கணிதராக விளங்கியவர் மகாவீராசாரியர். இவர் பகவான் மகாவீரரின் பெயர் தாங்கிய பிற்கால ஆசிரியர். இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில், கி.பி. 850-ஐ ஒட்டிக் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் தந்தார். 1912-இல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசாங்க அச்சகம் அதனை வெளியிட்டது. உலகக் கணித அறிஞர் பலர் அந்நூலை அறிந்துகொண்டது சென்னையில் அச்சான அப்பதிப்பின் வழியாகவே.

நிலவடிவங்களின் கணக்கைக் கூறும் பகுதியில் மகாவீராசாரியர் நாற்கர வடிவங்களை ஐந்தாக வகுக்கிறார். நான்கு பக்கமும் சமமானது, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமானது, இரு பக்கம் மட்டும் சமமானது, மூன்று பக்கம் சமமானது, எப்பக்கமும் சமமாகாதது என்பன அவை. கணக்குப் போடுமுன் வடிவத்தை இனங்காண வேண்டும் என்னும் ஒழுங்கு இதில் வெளிப்படுகிறது. நான்கால் வகுக்கும் உரிமை இவ்வைந்தனுள் முதலாவதற்கு மட்டுமே உண்டு. மேலும் அவர் பரப்புக் கணக்கை இரு வகைப்படுத்துகிறார். நடைமுறைக்குப் போதுமான தோராயக் கணக்கு வியவகாரம். நுண்ணிய கணக்கு சூட்சுமம். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதிகளை ஒன்றோடொன்று பெருக்குவது வியவகாரக் கணக்கு. விரைந்து முடிக்க அஃது உதவும். ஆனால் அதனையே முடிந்த முடிபாக ஒருவர் கொள்ளாதிருக்கும்பொருட்டு, சூட்சுமத்தை அவர் தனியே வைத்துக் கூறினார்.

இவ்வேறுபாடு எதற்கு என்பதைச் சாய்ந்த வயல் ஒன்று காட்டிவிடும். நான்கு பக்கமும் பத்துப் பத்துக் கோல். சுற்றளவு 40 கோல். ஆனால் மூலைகள் செங்கோணமாக இல்லை. ஒருபுறம் தள்ளப்பட்ட சட்டம்போல் வயல் சாய்ந்து, எதிர் வரப்புகளுக்கிடையே நேர்குத்துத் தொலைவு 5 கோலே உள்ளது. நான்கால் வகுக்கப் பக்கம் 10 கோல் என்று சரியாகவே வரும். வியவகாரக் கணக்கும் 100 குழி என்றே சொல்லும். உண்மைப் பரப்போ 50 குழி. இங்குப் பக்கம் பொய்யன்று, சுற்றளவும் பொய்யன்று. நான்கு பக்கச் சமம் ஒன்றே சதுரத்திற்குப் போதும் என்ற எண்ணமே பொய். சதுரத்திற்கு மூலையும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

மூலையின் செம்மையை அறிய வழி யாது? குறுக்கே அளத்தல். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடித்து, பின்னர் மற்ற இரு மூலைகளுக்கும் அவ்வாறே பிடிக்க வேண்டும். 240 அடிப் பக்கமுள்ள உண்மைச் சதுரத்தில் இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 339 அடி 5 அங்குலமாக ஒத்து வரும். மேற்சொன்ன சாய்ந்த வயலில் ஒன்று 19 கோலுக்கு மேலும் மற்றொன்று 5 கோலுக்குச் சற்று மிகுந்தும் வரும். வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனாரும் நான்கு பக்கம் அளந்தபின் குறுக்களவு பார்ப்பது இதனால்தான். நிலஅளவைத் துறையின் புலப்படத்திலும் வயலின் எல்லைக் கோடுகளோடு உள்ளே குறுக்குக் கோடு வரையப்பட்டு, வயல் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கக் காணலாம். மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் அசையாது நிற்கும். நான்கு பக்கம் மட்டும் தெரிந்த நாற்கரமோ சாயக்கூடியது.

சமண மரபு இதனைத் தன் வழிபாட்டுருவிலேயே பதித்து வைத்திருக்கிறது. உடலமைப்புகள் ஆறனுள் தலையாயதற்குச் சமசதுரச்ர சம்ஸ்தானம் என்று பெயர். தீர்த்தங்கரர் திருமேனி அவ்வமைப்பினது என்பது ஆகம வழக்கு. அமர்ந்த நிலையிலுள்ள ஜினர் திருவுருவத்தில் நான்கு அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும் என்பது சிற்ப மரபு. ஒரு முழந்தாளிலிருந்து மறு முழந்தாள் வரை ஓர் அளவு. வலத்தோளிலிருந்து இட முழந்தாள் வரை ஓர் அளவு. இடத்தோளிலிருந்து வல முழந்தாள் வரை ஓர் அளவு. இருக்கையிலிருந்து மேல்நோக்கித் தலை வரை ஓர் அளவு. இந்நான்கனுள் இரண்டு குறுக்களவுகள் என்பது கருதத்தக்கது. திருவுருவைச் சமமாக அமைக்க விரும்பிய சிற்பி புறக்கோட்டை மட்டும் நம்பவில்லை. திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் ஜினாலயங்களிலோ, செஞ்சிக்கு அண்மையில் 24 தீர்த்தங்கரர் புடைப்புருவங்களைத் தாங்கி நிற்கும் திருநாதர்குன்றிலோ வழிபடச் செல்வோர், அமர்ந்த திருவுருவைக் காணும்போது இக்குறுக்கு நேர்மையை மனத்தில் இருத்தலாம்.

இனி, வயலுக்குள் கயிறு பிடிக்க இயலாத நிலையிலும் உதவும் ஓர் உரைகல் உண்டு. நாற்கர நிலம் ஒன்றன் சுற்றளவும் பரப்பும் எழுத்தில் கிடைத்துள்ளன என்க. சுற்றளவை நான்கால் வகுத்து ஓர் எண் காண்க. பரப்பின் வர்க்கமூலத்தால் மற்றோர் எண் காண்க. இரண்டும் ஒத்தால் நிலம் சதுரமே. வேறு எந்த நாற்கரத்திற்கும் அவை ஒத்துவாரா. வர்க்கமூலம் சிறியதாயின் நிலம் சதுரமன்று. ஒன்று நீண்டது, அல்லது சாய்ந்தது, அல்லது பக்கங்கள் ஒவ்வாதது. வர்க்கமூலம் பெரியதாயின், அளந்ததிலோ எழுதியதிலோ பிழை உளது. ஏனெனில் 40 கோல் சுற்றளவுள்ள எந்த நாற்கரமும் 100 குழிக்கு மேல் கொள்ளாது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதனைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கணக்குப் படிக்கும் பேரப்பிள்ளையைக் கொண்டே செய்விக்கலாம்.

பங்கிடுவோர் கருத வேண்டியது இன்னும் ஒன்று. 10 கோல் பக்கமுள்ள ஒரு காணியை நால்வர் சமமாகப் பிரித்தால், ஒவ்வொருவர்க்கும் 5 கோல் பக்கமுள்ள சதுரம் வரும். ஒவ்வொன்றின் பரப்பு 25 குழி. முன்னதில் நான்கில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொன்றின் சுற்றளவு 20 கோல், முன்னதில் பாதி. முன்பு 40 கோலாக இருந்த வரப்பு, உள்ளே குறுக்கும் நெடுக்கும் 20 கோல் கூடி 60 கோலாகிறது. வரப்பு மிக மிக விளைநிலம் குறையும். எல்லைச் சச்சரவுக்கு இடமும் மிகும். பிரிக்கும் நிலை வந்தாலும் சேர்ந்து பயிரிடுவது நன்று என்று முதியோர் கூறுவதன் பின்னே இக்கணக்கும் உண்டு.

மகாவீராசாரியர் நூலில் பைசாசிகம் என்று பெயர் பெற்ற கடுங்கணக்குகள் சில உள்ளன. சுற்றளவின் எண்ணும் பரப்பின் எண்ணும் ஒன்றாக அமையும் வடிவங்களைத் தேடுதல் அவற்றுள் ஒருவகை. சதுரத்தில் இதனை முயல்வோர்க்கு விடை விரைவில் கிட்டும். பக்கம் 4 கோல் எனில் சுற்றளவு 16 கோல். பரப்பும் 16 குழி. இளையோர் இதனைக் கண்டு மகிழ்வர். ஆயின் அதே சதுரத்தை அடியால் அளந்தால் சுற்றளவு 384 அடி. பரப்பு 9,216 சதுர அடி. ஒப்புமை மறைந்துவிடுகிறது. எண்கள் ஒத்தன, பொருள்கள் ஒத்தில. கோலால் அளந்தபோது மட்டும் தோன்றிய ஒப்புமை அது. சுற்றளவு நீளத்தைச் சொல்வது, பரப்பு நிலத்தைச் சொல்வது. ஒன்றன் எண்ணைக் கொண்டு மற்றொன்றை மதிப்பிடுதல் தகாது.

எண் பொய் சொல்வதில்லை. ஆயினும் ஓர் எண் ஒரு நயத்திலிருந்தே பேசும். சுற்றளவு என்னும் நயத்தில் நோக்கினால் 100 குழி வயலும் 36 குழி வயலும் ஒன்றே. பரப்பு என்னும் நயத்தில் அவை ஒன்றல்ல. ஒரு நயத்தில் கண்டதை எல்லா நயங்களிலும் உண்மை என்று சாதிப்பதே பிழை என்பது அநேகாந்தம் கற்பிக்கும் பாடம். "சதுரமாயின், பக்கம் சுற்றளவில் நான்கில் ஒன்று" என்று சொல்லும்போது அந்த "ஆயின்" என்னும் சொல்லே கூற்றை மெய்யாக்குகிறது. அச்சொல்லை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் சொல்பவர், தம்மை அறியாமலே பிறர்க்கு இழப்பு விளைக்கக்கூடும்.

ஆகவே நிலம் பங்கிடும் இல்லத்தில் கோல் ஏந்துவோர் நான்கு பக்கமும் தனித்தனியே அளக்க, குறுக்கு இரண்டும் அளக்க, பின்னர் வகுக்க. அளந்த அனைத்தையும், பங்கு பெறுவோர் அனைவரும், கணக்கறியாத முதியோரும் மகளிரும் உட்பட, கேட்கும்படி வாய்விட்டுச் சொல்க. சொல்லப்படாத அளவு ஒன்றேனும் இருக்குமிடத்தில் கையெழுத்தைச் சற்றே நிறுத்திவைப்பதும் கள்ளாமை விரதத்தின் ஒரு கூறே.

அறம் வளர்க.